வயித்துக்குள்ள ரத்தக்கசிவு, கிழிக்காமலே நிறுத்தினாங்க: மதுரை எமர்ஜென்சி சேவை பத்தி எங்க குடும்பத்து ரிவ்யூ

மதுரையில ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில எங்க பெரியப்பாவை எமர்ஜென்சியில சேர்த்தோம், குடல் அல்சர்ல ரத்தக்குழாய் அரிச்சுப் போய் உள்ளுக்குள்ளயே ரத்தம் போய்க்கிட்டு இருந்துச்சு, வயித்தைக் கிழிக்காம முதல்ல வாய் வழியா கேமரா குழாய் விடுற எண்டோஸ்கோபியில, அதுக்கப்புறமும் நிக்காம போனப்போ தொடை ரத்தக்குழாய் வழியா உள்ள போய் காயில்ங்கிற சின்ன உலோகச் சுருள் வச்சு நிறுத்தி, ஆளை நடக்க வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த சேவையைப் பத்தின ரிவ்யூதான் இது. வைத்தியத்துக்கு 5க்கு 5, நர்ஸிங்குக்கும் 5, பில்லிங் கவுண்டருக்கு 2 தான், ஏன்னு கீழ சொல்றேன். குறையும் சேர்த்து எழுதுறதால ஆஸ்பத்திரி பேரு போடல. கோயமுத்தூர், திருச்சி, சென்னைன்னு எங்க இருந்து படிச்சாலும் நீங்க பார்க்க வேண்டியது ஒண்ணுதான், ராத்திரி ரெண்டு மணிக்கு எண்டோஸ்கோபி டாக்டர், ரத்த வங்கி, ரத்தக்குழாய்க்குள்ள போய் அடைக்கிற டீம் இந்த மூணும் அந்த ஒரே கட்டடத்துல கிடைக்குமா கிடைக்காதா. எங்களுக்குக் கிடைச்சது, அதனாலதான் பெரியப்பா இருக்காரு.

பெரியப்பாவுக்கு 67 வயசு. சில வருஷம் முன்னாடி ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சது, அதுக்காக தினமும் ஆஸ்பிரின் 75 போடுறாரு. அது போக முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கின டைக்ளோஃபெனாக், வலி வரும்போதெல்லாம் ஒண்ணு. இந்த ரெண்டும் சேர்ந்தா வயித்துக்கு என்ன ஆகும்னு எங்க ஊர்ப்பக்கம் யாரும் சொல்றதில்ல, மெடிக்கல் ஷாப்காரரும் கேக்குறதில்ல. வலி மாத்திரை வயித்து உள்சுவரைக் காப்பாத்துற படலம் உருவாகுறதைக் குறைச்சிடுது, ஆஸ்பிரின் அதோட ரத்தம் உறையறதையும் குறைக்குது, அப்போ புண்ணும் வரும், வந்த புண்ணுல கசியுற ரத்தமும் லேசுல நிக்காது. வயித்து வலின்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. இந்த மாதிரி மாத்திரையால வர்ற அல்சர் நிறைய பேருக்கு வலியே இல்லாம இருந்து நேரா ரத்தக்கசிவுலதான் தெரியுமாம், அதனால வலி இல்லைன்னா புண்ணு இல்லைன்னு நினைச்சுக்காதீங்க.

அறிகுறி என்னன்னா மோஷன் கருப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி கெட்ட நாத்தத்தோட போறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கருப்பா போகும், ஆனா அதுல இந்த ஒட்டலும் நாத்தமும் இருக்காது. மேல இரைப்பையிலயோ சிறுகுடல் ஆரம்பத்துலயோ கசியுற ரத்தம் கீழ வர்றதுக்குள்ள செரிச்சுப் போறதாலதான் கருப்பாகுது. சிவப்பா வந்தா மூலம்தான்னு முடிவு பண்ணிடக் கூடாது, மேல ரொம்ப வேகமா ரத்தம் போனாலும் சிவப்பாவே வரும், அது இன்னும் ஆபத்து. பெரியப்பா பாத்ரூம்ல இருந்து வரும்போது கண்ணு இருட்டி கீழ உக்காந்துட்டாரு, கை காலெல்லாம் ஜில்லுனு வேர்த்து இருந்துச்சு, பெரியம்மாதான் போன் பண்ணாங்க.

பக்கத்துல உள்ள ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல ட்ரிப்ஸ் ஏத்தி ட்ரானெக்சாமிக் ஊசி போட்டு, கேஸ் ஊசியும் போட்டு "மதுரைக்குக் கொண்டு போயிருங்க"ன்னு சொல்லிட்டாங்க. உடனே அனுப்பினது நல்ல விஷயம், அங்கயே வச்சு பார்க்கிறேன்னு சொல்லல. அந்த ட்ரானெக்சாமிக் ஊசி பத்தி மட்டும் சொல்லணும். ரத்தம் நிக்கிற ஊசின்னு எல்லா இடத்துலயும் போடுறாங்க, ஆனா குடல் ரத்தக்கசிவுக்கு அது உதவுதான்னு 12,000 பேருக்கு மேல சேர்த்து 15 நாடுகள்ல பார்த்த ஹால்ட்-இட்னு ஒரு ஆய்வு 2020ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு, சாவைக் குறைக்கல, மாறா கால் நுரையீரல் பக்கம் ரத்தக்கட்டி வர்றது கூடியிருந்துச்சு. விபத்துல அடிபட்டவங்களுக்கும் பிரசவத்துல ரத்தம் போறவங்களுக்கும் நல்ல மருந்துதான், இந்தக் கேஸுக்கு இல்ல. ஊசி போட்டாச்சேன்னு நிம்மதியா வீட்டுக்குத் திரும்பிடாதீங்க, அதுக்காகத்தான் இவ்வளவு சொல்றேன்.

108ல போனோம். வண்டியில இருந்தவரு போகும்போதே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு பிபி, பல்ஸ் சொல்லிட்டாரு, அதனால நாங்க இறங்கும்போதே வாசல்ல ஸ்ட்ரெச்சர் ரெடி. இந்த ஆஸ்பத்திரியில எனக்கு முதல்ல பிடிச்சது இதுதான், அட்வான்ஸ் கட்டிட்டு வாங்கன்னு எங்களை கவுண்டருக்குத் துரத்தல, முதல்ல ஆளைப் பார்த்தாங்க. ரெண்டு கையிலயும் வென்ஃப்ளான்னு சொல்ற ட்ரிப்ஸ் ஊசி பெரிய சைஸ்ல போட்டாங்க, சின்ன ஊசியில ரத்தம் வேகமா ஏத்த முடியாதாம். ரத்தம் எடுத்து க்ரூப்பிங், கிராஸ் மேட்சுக்கு அனுப்பினாங்க, ஈசிஜி, அப்புறம் அமிலத்தைக் குறைக்கிற பேன்டப்ரசால் ஊசி. மேல் பிபி 90க்குக் கீழ, பல்ஸ் 120க்கு மேல. ஹீமோகுளோபின் 6.1 வந்துச்சு. கிட்னி டெஸ்ட்ல யூரியா மட்டும் ஏறி இருந்துச்சு, கிரியாட்டினின் சரியா இருந்துச்சு, குடல்ல போன ரத்தம் செரிச்சு உடம்புல சேர்றதால யூரியா இப்படி ஏறும், மேல் வயித்துல இருந்துதான் கசியுதுன்னு அதுவே ஒரு துப்புன்னு ட்யூட்டி டாக்டர் சொன்னாங்க. அவங்க சின்ன வயசு பொண்ணு, பெரியப்பாவை "அப்பா, இங்க பாருங்க, கண்ணைத் திறங்கப்பா"ன்னு பேசிக்கிட்டேதான் எல்லாம் பண்ணாங்க.

ரத்தம் ஏத்துறதுல எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். சித்தப்பா "எத்தனை பாட்டில் வேணாலும் ஏத்துங்க, பசங்க வெளிய நிக்கிறாங்க குடுக்க"ன்னு சொன்னாரு. அவங்க அளவாத்தான் ஏத்துவோம்னு சொல்லிட்டாங்க. காரணம் இருக்கு. 2013ல பார்சிலோனா டாக்டர்கள் 921 பேரை வச்சு பார்த்த ஆய்வுல ஹீமோகுளோபின் 7க்குக் கீழ போனா மட்டும் ஏத்தினவங்க, 9க்குக் கீழ போனாலே ஏத்தினவங்களை விட அதிகமா பொழைச்சாங்க, 95 சதவீதம் எதிர் 91 சதவீதம். அளவுக்கு மீறி ஏத்தினா ரத்தக்குழாய்ல அழுத்தம் கூடி, அடைஞ்சிருந்த இடம் மறுபடி திறந்துக்கும்னு சொல்றாங்க. பெரியப்பா ஹார்ட் பேஷன்ட்டுங்கிறதால 8க்கு மேல வச்சுக்கிறோம்னு தனியா கணக்கு சொன்னாங்க. எல்லாருக்கும் ஒரே அளவுன்னு இல்லாம அவரு உடம்பைப் பார்த்து முடிவெடுத்தது எனக்கு ரொம்ப நம்பிக்கையா இருந்துச்சு.

அடுத்த சண்டை எண்டோஸ்கோபிக்கு. வந்த உடனே குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதுதானேன்னு எங்க எல்லாருக்கும் ஒரே பதட்டம், சித்தப்பா கத்தவே ஆரம்பிச்சிட்டாரு. குடல் இரைப்பை டாக்டர் வெளிய வந்து உக்காந்து பேசினாரு. "சார், பிபி இவ்வளவு இறங்கிப் போனவருக்கு மயக்கம் குடுத்து குழாய் விட்டா டேபிள்லயே ஹார்ட் நின்னுடும், முதல்ல ஆளை நிறுத்தணும், அப்புறம் ரத்தத்தை நிறுத்தலாம்"னாரு. ஹாங்காங்ல 516 பேரை ரெண்டா பிரிச்சு, ஆபத்து அதிகமா இருக்கிறவங்களுக்கே 6 மணி நேரத்துக்குள்ள எண்டோஸ்கோபி பண்ணினா நல்லதா, 6ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள பண்ணினா நல்லதான்னு பார்த்து 2020ல வெளியிட்டாங்க, அவசரமா பண்ணினதால ஒருத்தரும் கூடுதலா பொழைக்கல. அதுக்காக எல்லாரையும் மறுநாள் வரைக்கும் போட்டு வைக்கணும்னு அர்த்தம் இல்ல, ட்ரிப்ஸும் ரத்தமும் போயும் பிபி நிக்கவே மாட்டேங்குதுன்னா உடனே போகத்தான் வேணும். இப்படி நின்னு விளக்கிச் சொல்ற டாக்டர் கிடைச்சா பாதி பயம் போயிடும். இந்த இடத்துல அவருக்கு நான் தனியா நன்றி சொல்லணும்.

பிபி ஏறினதும் உள்ள கொண்டு போனாங்க. போறதுக்கு முன்னாடி எரித்ரோமைசின் ஊசி, அது இங்க கிருமிக்காக இல்ல, இரைப்பையை அசைய வச்சு உள்ள தேங்கி இருக்கிற ரத்தக்கட்டியைக் கீழ தள்ளுறதுக்கு, அப்பதான் கேமராவுல இடம் தெரியும். மயக்க டாக்டர் தொண்டையில டியூப் போட்டுத்தான் பண்ணினாரு, ரத்தம் நுரையீரலுக்குள்ள போயிடக் கூடாதுன்னு. முடிச்சு வந்து படத்தைக் காட்டினாங்க. இரைப்பையைத் தாண்டி சிறுகுடல் ஆரம்பத்துல, பின்பக்கச் சுவர்ல ஒரு பெரிய புண்ணு, அது நடுவுல ரத்தக்குழாய் வாய் தெரியுது, பீச்சி அடிக்குது. 1974ல எடின்பரோவுல ஃபாரஸ்ட்ங்கிற டாக்டர் இந்தப் புண்ணுங்களை வகை பிரிச்சாரு, பீச்சி அடிக்கிறது 1ஏ, கசியுறது 1பி, ரத்தக்குழாய் வெறும முட்டிக்கிட்டு இருந்தா 2ஏ, சுத்தமான அடிப்பாகம்னா 3. பெரியப்பாவுக்கு 1ஏ. 3ன்னு வந்திருந்தா மாத்திரையோட சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. உங்க ரிப்போர்ட்ல ஃபாரஸ்ட்னு ஒரு வார்த்தை இருக்கும், அதைப் பாருங்க, அடுத்து என்ன ஆகப் போகுதுங்கிறது கிட்டத்தட்ட அதுலயே இருக்கு.

பத்தாயிரத்துல ஒரு பங்குன்னு கலக்கின அட்ரினலின் ஊசியைப் புண்ணைச் சுத்தி போட்டு, அதோட மெட்டல் கிளிப் போட்டு ரத்தக்குழாயைப் பிடிச்சாங்க. வெறும் அட்ரினலின் மட்டும் போட்டா கொஞ்ச நேரம் நின்னு மறுபடி வரும், கூட கிளிப்போ சூடு வைக்கிறதோ ஒண்ணு சேரணும், இது இப்போ எல்லா இடத்துலயும் ஒத்துக்கிட்ட முறை. உங்க கேஸ் ஷீட்ல ஊசி மட்டும்னு இருந்தா ஏன்னு கேளுங்க, தப்பில்ல.

அப்புறம் ஐசியு. பேன்டப்ரசால் முதல்ல 80 மில்லிகிராம், அதுக்கப்புறம் மணிக்கு 8 மில்லிகிராம்னு 72 மணி நேரம் பம்புல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அமிலம் இருந்தா ரத்தம் ஒழுங்கா உறையாது, உறைஞ்சதும் கரைஞ்சிடும், அதனால அமிலத்தையே அடக்கி வைக்கிறாங்க. திரும்ப ரத்தம் வர்றது பெரும்பாலும் இந்த 72 மணி நேரத்துக்குள்ளதான், இந்தக் காலத்துல பேஷன்ட்டைப் பார்த்துக்கிற நர்ஸ் யாருங்கிறது அவ்வளவு முக்கியம். ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் ஒருத்தங்க, மோஷன் எதுவும் போகல, வாந்தி இல்ல, பிபியும் அப்படியே இருக்கு, ஆனா பல்ஸ் 84ல இருந்து 110க்கு ஏறிட்டதைப் பார்த்து உடனே டாக்டரை எழுப்பிட்டாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் இறங்கி இருந்துச்சு. கருப்பு மோஷன் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அந்த சிஸ்டர் காலைவரைக்கும் பார்ப்போம்னு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. நர்ஸிங்குக்கு 5 மார்க் போட்டது அவங்களுக்காக.

ரெண்டாவது தடவை எண்டோஸ்கோபி பண்ணாங்க. ஒரு கிளிப் விலகி இருந்துச்சு, இன்னொண்ணு போட முயற்சி பண்ணினா புண்ணோட அடி ரொம்பக் கெட்டியா இருந்ததால கிளிப் பிடிக்கவே இல்ல. பெரிய சைஸ்ல எண்டோஸ்கோப் முனையில மாட்டிப் போடுற கிளிப் இருக்கு, பவுடர் அடிக்கிற முறையும் இருக்கு, ஆனா இந்த இடம் வளைவா இருந்ததால அது சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்க. இனி ரெண்டு வழி. ஒண்ணு வயித்தைத் திறந்து தையல் போடுறது. இன்னொண்ணு எம்போலைசேஷன், அதாவது ரத்தக்குழாய்க்குள்ளயே போய் அடைக்கிறது. பெரியப்பா ஹார்ட்டுக்கு பெரிய ஆபரேஷன் ரொம்ப ரிஸ்க்குன்னு சர்ஜனே சொன்னாரு, அவரும் மறுபேச்சு இல்லாம ஸ்டேண்ட்பைல நின்னாரு. நான் பார்த்த வரைக்கும் டாக்டருங்களுக்குள்ள என் கேஸு உன் கேஸுன்னு எந்த இழுப்பும் இல்ல, மூணு பேரும் ஒண்ணா நின்னு ரத்தக்குழாயைக் காட்டுற சிடி ஆஞ்சியோ ஸ்கேனைப் பார்த்து பேசிக்கிட்டாங்க.

இப்படி அடைக்கிற இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர் வந்து பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாரு. அந்த இடத்துக்குப் பின்னாடியே கேஸ்ட்ரோடியோடினல்னு ஒரு ரத்தக்குழாய் ஓடுது, பின்பக்கப் புண்ணு ஆழமாப் போனா நேரா அதுலதான் போய் இடிக்கும், அதனாலதான் இந்த இடத்து அல்சர் இவ்வளவு மோசம். அவரு சொன்னது எனக்கு நல்லா ஏறுச்சு, "இந்த வீட்டுக்கு முன்வாசலும் உண்டு பின்வாசலும் உண்டும்மா, முன்வாசலை மட்டும் பூட்டினா ரத்தம் பின்வாசல் வழியா வந்துடும்". மேல ஈரல் பக்கம் போற குழாய்ல இருந்தும் ரத்தம் வருது, கீழ குடல் பக்கம் போற பெரிய குழாய்ல இருந்தும் கிளை வந்து சேருது. அதனால புண்ணைத் தாண்டி அந்தப் பக்கம் முதல்ல காயில் வச்சு, அப்படியே பின்னாடி வந்து இந்தப் பக்கமும் காயில் வச்சு, கடைசியா கீழ இருந்து வர்ற குழாய்லயும் எக்ஸ்ரேல தெரியுற மருந்து விட்டுப் பார்த்து கசிவு இல்லைன்னு உறுதி பண்ணணும்.

ரத்தக்குழாய்க்குள்ள குழாய் விட்டு வேலை பார்க்கிற கேத் லேப்ல நடந்துச்சு. வலது தொடை இடுக்குல மரத்துப்போற ஊசி மட்டும்தான், பெரியப்பா முழிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. தொடையில இருந்து மெல்லிசு குழாய் வயித்து ரத்தக்குழாய் வரைக்கும் போகுது, அதுக்குள்ள இன்னும் மெல்லிசா மைக்ரோ கதீட்டர். இதுல எனக்கு ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம், எண்டோஸ்கோபியில போட்ட அந்த மெட்டல் கிளிப் எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியுது, அதுவே இவருக்கு அடையாளம் ஆயிடுச்சு. அந்த நேரத்துல ரத்தம் கசியுறது படத்துல தெரியாம இருந்தா கூட, கிளிப் பக்கத்துல இருக்கிற குழாயை வச்சு அடைச்சிடலாம். ரத்தக்கசிவு விட்டு விட்டு வரும், மருந்து விடுற நிமிஷத்துல நின்னிருந்தா படத்துல ஒண்ணும் தெரியாது, ஆனா அடுத்த மணி நேரத்துல வரும். அதனால முதல் டாக்டர் போட்ட கிளிப் தோத்துப் போச்சுன்னு சொல்ல முடியாது, ரெண்டாவது டாக்டருக்கு வழி காட்டினதே அதுதான். பிளாட்டினம் காயில், அதுல சின்ன சின்ன நார், அதைச் சுத்தி ரத்தம் உறைஞ்சு குழாய் அடையுது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. வெளிய வந்து "நின்னுடுச்சும்மா"ன்னு சொன்னாரு, பெரியம்மா அங்கயே தரையில உக்காந்துட்டாங்க.

இது ஏதோ நேத்து வந்த சோதனை முறைன்னு சில சொந்தக்காரங்க பேசினாங்க. 1972லயே அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ங்கிற ஊர்ல ரோஷ், டாட்டர்னு ரெண்டு டாக்டருங்க அவங்க டீமோட சேர்ந்து, இரைப்பையில ரத்தம் போன பேஷன்ட்டுக்கு அவரோட சொந்த ரத்தக்கட்டியையே குழாய் வழியா விட்டு அடைச்சு நிறுத்தி எழுதி வச்சிருக்காங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆபரேஷனோட ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள்ல, எம்போலைசேஷனுக்கு அப்புறம் மறுபடி ரத்தம் வர்றது கொஞ்சம் கூட இருக்கு, அதை மறைக்கக் கூடாது, ஆனா சாவு கூடல, மத்த சிக்கல்கள் குறைவு. எங்ககிட்டயும் இதை நேராச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கினாங்க. இரைப்பைக்கும் சிறுகுடல் ஆரம்பத்துக்கும் நாலு பக்கமும் ரத்தம் வர்றதால ஒரு குழாயை அடைச்சாலும் குடல் கெடுறது அபூர்வம், பெருங்குடல்ல இதே வேலை பண்ணினா ரொம்ப ஜாக்கிரதையா சின்னக் கிளையை மட்டும் தேடி அடைக்கணும், இல்லைன்னா அந்தப் பகுதி அழுகிடும்.

முடிஞ்சதும் காலை மடக்காம சில மணி நேரம் படுக்கணும், தொடையில ரத்தம் கட்டுதான்னு அடிக்கடி பார்த்தாங்க. மருந்து விட்டு படம் எடுத்ததால கிட்னிக்கு கிரியாட்டினின் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, லேசா ஏறி இறங்கிடுச்சு. அப்புறம் ரத்தம் வரவே இல்ல. இளநீர், கஞ்சி, இட்லின்னு மெதுவா ஆரம்பிச்சு வார்டுக்கு வந்துட்டாரு, வயித்துல ஒரு தையல் கூட இல்ல.

இப்போ குறைகள். கேத் லேபுக்குப் போகும்போது நீட்டின கன்சென்ட் பேப்பர் முழுக்க இங்கிலீஷ்ல. பெரியம்மா ஏழாவது வரைக்கும் படிச்சவங்க, கையெழுத்து போடுறது அவங்க, என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. டாக்டர் வாயால சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பேப்பரும் தமிழ்ல இருக்கணும், மதுரையில உக்காந்துக்கிட்டு இதைக் கேட்டு வாங்க வேண்டி இருக்கிறது கஷ்டமா இருக்கு. காயில் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி காசு, எத்தனை போடுவாங்கன்னு முன்னாடி தெரியாது, அது புரியுது, ஆனா ஒண்ணு என்ன விலைன்னு கூட முன்னாடி சொல்லல, பில்லுலதான் பார்த்தோம். இன்சூரன்ஸ் டெஸ்க் ராத்திரி பூட்டிடுறாங்க. எமர்ஜென்சி 24 மணி நேரம்னு போர்டு வச்சிட்டு பணம் சம்பந்தமா பேச ஒரு ஆள் கூட இல்லாம, காலையில வந்தவரு "ப்ரீ ஆத்தரைசேஷன் ஏன் லேட்டா போட்டீங்க"ன்னு, அதாவது இன்சூரன்ஸ்ல முன் அனுமதி ஏன் லேட்டா கேட்டீங்கன்னு, எங்களையே கேக்குறாரு. ஐசியு வெளிய உக்கார்ற நாற்காலி பத்தல, நிறைய பேரு கிராமத்துல இருந்து வந்தவங்க, தரையில துண்டு விரிச்சுத்தான் படுத்திருந்தாங்க. வைத்தியம் இவ்வளவு நல்லா பண்றவங்க இதையும் சரி பண்ணலாம், ரிவ்யூ படிக்கிற நிர்வாகம் யாரா இருந்தாலும் இதைக் கவனிங்க.

பணம் இல்லாதவங்க பெரிய ஆஸ்பத்திரின்னு நாம சொல்ற அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீங்க, அங்க குடல் இரைப்பைக்குன்னு தனித் துறை இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, தனியார்ல சேர்ந்த ஆஸ்பத்திரியா, இந்த சிகிச்சை அதுல வருதான்னு சேரும்போதே கேட்டுடுங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கேட்டா ஒண்ணும் நடக்காது.

பக்கத்து பெட்ல ஒரு தம்பி, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், குடியால ஈரல் கெட்டு உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சு ரத்த வாந்தி. அது வேற கணக்கு, அங்க கிளிப் இல்ல, ரப்பர் வளையம் போட்டு கட்டுறாங்க, டெர்லிப்ரெசின் மாதிரி மருந்து, ஆன்டிபயாடிக் ஊசி, இரைப்பையில வீங்கி இருந்தா பசை ஊசி, அதுக்கும் நிக்கலைன்னா கழுத்து வழியா போய் ஈரலுக்குள்ள பைபாஸ் மாதிரி ஸ்டென்ட் வைக்கிறாங்க, டிப்ஸ்னு பேரு. அதுவும் வயித்தைக் கிழிக்காமத்தான். அவருக்கும் நல்லபடியா முடிஞ்சுது.

நம்ம ஊர்ல இந்த மாதிரி வந்தா கிளம்பும்போதே போன் பண்ணி கேளுங்க, எண்டோஸ்கோபி இப்போ பண்ண டாக்டர் உள்ள இருக்காரா இல்ல காலையிலதான் வருவாரா, ரத்த வங்கி சொந்தமா இருக்கா, எண்டோஸ்கோபியில நிக்கலைன்னா எம்போலைசேஷன் இங்கயே பண்ணுவீங்களா இல்ல வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களா. கேத் லேப் இருக்குன்னு சொன்னா போதாது, நிறைய இடத்துல அது ஹார்ட்டுக்கு மட்டும், குடல் ரத்தக்குழாய் பார்க்கிற ஆள் தனி. பெரியப்பாவுக்கு ரெண்டாவது தடவை ரத்தம் வந்தப்போ வேற ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டேன், அவரு பதில் சொல்லாம தலையை மட்டும் ஆட்டினாரு. போட்டுக்கிட்டு இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையோட அள்ளிட்டுப் போங்க, வலி மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் நீர்க்கிற மாத்திரை, நாட்டு மருந்து உட்பட.

ஆஸ்பிரின் பத்தி ஒரு முக்கியமான விஷயம். ரத்தம் வந்ததும் ஆஸ்பிரினை ஆயுசுக்கும் நிறுத்திடலாம்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. டாக்டர் அனுமதிக்கல, ரத்தம் நின்னது உறுதியானதும் கொஞ்ச நாள்லயே திரும்ப ஆரம்பிச்சிட்டாரு, கூட தினமும் பேன்டப்ரசால். ஹாங்காங்ல 2010ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, இப்படி ரத்தக்கசிவு வந்த ஹார்ட், பக்கவாத பேஷன்ட்டுகள் 156 பேர், ஆஸ்பிரின் தொடர்ந்தவங்கள்ல மறுபடி ரத்தம் வந்தது கூடதான், 10.3 சதவீதம் எதிர் 5.4, ஆனா எட்டு வாரத்துல செத்தவங்க ஆஸ்பிரின் தொடர்ந்தவங்கள்ல 1.3 சதவீதம், நிறுத்தினவங்கள்ல 12.9 சதவீதம். ஸ்டென்ட் வச்சவங்க தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. டைக்ளோஃபெனாக் மட்டும் எங்க வீட்டுக்குள்ள இனி வராது, முழங்காலுக்கு பாராசிட்டமால், மேல தடவுற ஜெல், பிசியோன்னு போகுது.

ஹெச் பைலோரி கிருமி டெஸ்ட் எண்டோஸ்கோபி அப்போவே சதை எடுத்துப் பார்த்தாங்க, இல்லைன்னு வந்துச்சு. ஆனா ரத்தம் போய்க்கிட்டு இருக்கும்போதும் அமில மாத்திரை ஓடும்போதும் இந்த டெஸ்ட் இருந்தும் இல்லைன்னு காட்டும், அதனால ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லி மறுபடி பார்த்தாங்க, இருக்குன்னு வந்துச்சு, 14 நாள் மாத்திரை குடுத்தாங்க. அல்சருக்குக் காரணம் மன அழுத்தமும் காரமும்னு உலகமே நம்பிக்கிட்டு இருந்தப்போ இந்தக் கிருமின்னு கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல நோபல் பரிசு குடுத்தாங்க, அப்படிப்பட்ட டெஸ்டை ஒரு தடவை இல்லைன்னு வந்ததோட விட்டுடாதீங்க, ரிவ்யூவுக்குப் போங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில எத்தனை காயில், எத்தனை கிளிப்னு எழுதி வாங்கிக்கோங்க, கிளிப் தானா உதிர்ந்து போயிடும், ஆனா அதுக்குள்ள எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தா ஸ்கேன் சென்டர்ல முன்னாடியே காட்டணும். இங்க ஃபாலோ அப் ஓபிக்கு முதல் நாளே போன்ல டோக்கன் போட்டுட்டுப் போறது நல்லது, நேராப் போனா மதியம் வரைக்கும் உக்கார வச்சிடுறாங்க.